மேற்கு ஜெர்மனியின் விருந்தினர் தொழிலாளர் திட்டம்

மேற்கு ஜெர்மனியின் விருந்தினர் தொழிலாளர் திட்டம் என்பது, 1955 முதல் 1973 வரை அந்நாடு பிற நாடுகளுடன் ஒப்பந்தம் செய்து வெளிநாட்டுத் தொழிலாளரைத் தற்காலிகமாக வரவழைத்த ஏற்பாட்டைக் குறிக்கும். இவ்வாறு வந்தோர் ஜெர்மன் மொழியில் காஸ்ட்ஆர்பைட்டர் (விருந்தினர் தொழிலாளர்) என அழைக்கப்பட்டனர். பொருளாதாரத் தேவையால் தொடங்கும் குடிபெயர்வு, அத்தேவை குறைந்ததும் சட்டத்தால் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இத்திட்டம் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரைந்து வளர்ந்த மேற்கு ஜெர்மனியின் தொழிற்சாலைகளில் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டது. 1955 இல் இத்தாலியுடனும் 1960 இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகியவற்றுடனும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுப்பப்பட்டதும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த தொழிலாளர் வரவு தடைப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 30 இல் துருக்கியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. வேலையின்மை குறையும், அன்னியச் செலாவணி கிடைக்கும் என்பதால் துருக்கி அரசும் இதனை விரும்பியது. பின்னர் மொரோக்கோ, போர்த்துக்கல், துனீசியா, யூகோசுலாவியா ஆகிய நாடுகளும் இணைந்தன.

சுழற்சி முறை

துருக்கியத் தொழிலாளர் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து நாடு திரும்ப வேண்டும், அவர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் வருவர் என்பதே தொடக்க விதி. பழகிய தொழிலாளரை அனுப்பிவிட்டுப் புதியவர்களுக்கு மீண்டும் பயிற்சியளிப்பது முதலாளிகளுக்கு இழப்பாக இருந்தது. எனவே 1964 இல் இவ்வரம்பு நீக்கப்பட்டது. திட்டத்தின் தற்காலிகத் தன்மையை முதலில் தளர்த்தியவர்கள் குடியேறிகள் அல்லர், முதலாளிகளே என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு கோல்ன் நகருக்கு வந்த பத்து இலட்சமாவது தொழிலாளருக்கு மொபெட் வண்டி பரிசளிக்கப்பட்டது.

1973 தடையும் விளைவும்

எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1973 நவம்பர் 23 இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அப்போது ஏறத்தாழ 26 இலட்சம் வெளிநாட்டவர் பணியில் இருந்தனர். அதுவரை வந்த சுமார் 1 கோடியே 40 இலட்சம் பேரில் பெரும்பாலோர் திரும்பியிருந்தனர். தடைக்குப் பின் நிலை மாறியது. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தைச் சேர்ந்த இத்தாலியர் ஊருக்குச் சென்று மீண்டும் வர முடிந்தது. துருக்கியர் சென்றால் திரும்ப வழியில்லை. ஆகவே பலர் தங்கிவிட்டு, குடும்பத்தினரை அழைத்துக்கொண்டனர். 1973 இல் சுமார் 40 இலட்சமாக இருந்த வெளிநாட்டவர் தொகை 1980 இல் 45 இலட்சத்தை நெருங்கியது.

வேலையிழந்து நாடு திரும்புவோருக்கு 10,500 மார்க் வழங்கும் சட்டம் 1983 இல் இயற்றப்பட்டது. எனினும் பெரும்பாலோர் தங்கினர். ஜெர்மனியில் பிறக்கும் வெளிநாட்டவரின் குழந்தைகளுக்கு நிபந்தனைகளுடன் பிறப்புவழிக் குடியுரிமை 2000 இல்தான் கிடைத்தது. இரட்டைக் குடியுரிமை 2024 இல் பொதுவாக அனுமதிக்கப்பட்டது.