ஈளை, காசம், நெஞ்சுச்சளி

காசநோய் எனப்படும் எலும்புருக்கி நோயின் பெயர் வரலாறு சந்திரனிடம் தொடங்குகிறது. தக்கனின் 27 மகள்களை மணந்தும் ரோகிணியிடமே மயங்கிக் கிடந்ததால், மாமனார் சாபமிட, அவன் நாளுக்கு நாள் தேய்ந்தான் என்கிறது புராணம். அந்தத் தேய்வுக்கு வடமொழியில் க்ஷயம் என்று பெயர். தமிழ் நாவில் அது சயரோகம், கயரோகம், கசம் என்றெல்லாம் புரண்டது.

காசநோயில் உள்ள காசம் வேறு சொல். வடமொழியில் அதற்கு இருமல் என்று பொருள். சித்த மருத்துவத்திலும் பலவகை இருமலுக்கு அது பொதுப்பெயர். பிறகு ஒரே நோய்க்கு உரியதாகச் சுருங்கிவிட்டது. பக்கத்திலேயே கசம் என்ற சொல் இருந்ததும் இதற்குக் கைகொடுத்திருக்கலாம். இது என் ஊகம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வரை வந்திருப்பது காசம்தான். மக்கள் வாயிலோ டிபி.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஈளை. இளைத்தல் என்றால் உடல் மெலிதல். மூச்சு வாங்குதலும் அதுவே. ஈளை அதே குடும்பத்துச் சொல்லாகத் தோன்றுகிறது. கோழையையும் இரைப்பு நோயையும் குறிக்கும். தேய்வுக்கொன்று, இருமலுக்கொன்று என வடமொழி வைத்த இரண்டையும் தமிழ் ஒரு வேரிலேயே தொட்டுவிட்டது.

1882 மார்ச் 24 அன்று மருத்துவர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்த பிறகு, நோயைத் தேடும் இடம் சளி என்றானது. இன்று ஆய்வாளர்கள் அதன் புரதங்களையும் அலசுகிறார்கள். பிசுபிசுப்பான கோழையை முதலில் வேதிப்பொருளால் இளக்குவார்கள். புரதங்களை நொதியால் துண்டாக்கி, நிறைமாலைமானியில் ஒவ்வொரு துண்டின் நிறையையும் கண்டு இனம் பிரிப்பார்கள். கிருமி சுரக்கும் ஆன்டிஜென் 85 போன்றவை அதில் சொற்பம். பெரும்பகுதி நம் உடலுடையவை: சளிக்குப் பிசுக்கைத் தரும் மியூசின், கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் விட்டுச்சென்ற கால்புரொடெக்டின். இம்முறை இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான் உள்ளது. நோயை உறுதிசெய்பவை நுண்ணோக்கி, மரபணுச் சோதனை போன்றவையே.

சோதனைக்குச் சளி கேட்கும்போது அந்தச் சொல்லே வேலையைக் கெடுக்கும். சளி என்றால் மூக்குச்சளியும் அடக்கம். பதற்றத்தில் சிலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எச்சில் கலந்தால் அதன் அமைலேஸ் புரதம் மிகுந்து, தேடுவது மறைந்துபோகும். கோழை என்பது பொருத்தமான சொல்தான். ஆனால் "கோழை கொடுங்கள்" என்றால் பயந்தாங்கொள்ளி என்று திட்டியதாக நோயாளி கோபித்துக்கொள்வார். எனவே மருத்துவமனைப் பலகைகளிலும் சளி சேகரிக்கும் டப்பாவின் சீட்டிலும் வெறும் 'சளி' என்று எழுதாமல், 'ஆழமாக இருமி எடுத்த நெஞ்சுச்சளி' என்றே எழுதுங்கள்.