மேய்ப்பர் இல்லாத நாளில் மந்தை காத்த உபதேசியார்கள்

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், கோயில் எழுப்பிய குருக்களையும் ஆசி வழங்கிய ஆயர்களையும் நன்றியோடு நினைவுகூருகின்றோம். அவர்தம் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால், தென்பாண்டிச் சீமையில் விசுவாச விளக்கை அணையவிடாமல் காத்த இன்னொரு கூட்டத்தார் உண்டு. அவர்களே உபதேசியார்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எக்கல்லிலும் இல்லை. இக்கட்டுரை அவர்களுக்கு நாம் செலுத்தும் சிறு காணிக்கையாகும்.

1606-ஆம் ஆண்டு தத்துவப் போதகர் என்னும் இராபர்ட் தே நொபிலி சுவாமிகள் மதுரைக்கு வந்தார். அவருக்குப் பின் வளர்ந்த மதுரை மிஷன் மிகப் பரந்தது. குருக்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஓர் ஊருக்குச் சுவாமியார் ஒருமுறை வந்து போனால் மறுமுறை வரப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் செபம் சொல்லிக்கொடுத்தவரும், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், நோயாளியின் அருகிலிருந்து தேற்றியவரும், இறந்தோரை அடக்கம் செய்தவரும், ஊர்ச் சண்டையைத் தீர்த்துவைத்தவரும் உபதேசியாரே.

அக்காலத்தில் இது ஆபத்தில்லாத பணியன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதன் தெற்கே சேத்தூர், சிவகிரி போன்ற பாளையங்கள் இருந்தன. ஒரு பாளையத்தில் கிடைத்த அனுமதி அடுத்த பாளையத்தில் செல்லாது. 1686-இல் மறவர் நாட்டில் புனித அருளானந்தர் பிடிபட்டபோது, அவரோடு சித்திரவதைப்பட்டவர்கள் உபதேசியார்களே. 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அவர் வாளுக்கு இரையானதை உலகம் அறியும். அவரோடு அடிபட்டவர்களை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

நமக்குத் தெற்கே, சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில், 1714-15 வாக்கில் வீரமாமுனிவர் சிறைப்பட்டு, மரண தண்டனையினின்று மயிரிழையில் தப்பினார். தேம்பாவணி பாடிய அப்பெரும் புலவர், 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். அது உபதேசியார்களுக்கென்றே எழுதப்பட்டதாகும். சாவின் வாசல்வரை சென்று வந்த மேய்ப்பர், தாம் இல்லாவிட்டாலும் மந்தை வாழவேண்டும் என்று எண்ணியிருப்பார் என நாம் கருதுவது தவறாகாது.

அந்த நாளும் வந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. கோவாவிலிருந்து வந்த குருக்களும் பாரிஸ் சபைக் குருக்களும் இயன்றவரை உழைத்தனர். எனினும் இத்தனை ஊர்களுக்கு அவர்கள் போதவில்லை. 1838-இல் இயேசு சபையினர் பிரான்சிலிருந்து மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்தபோது, இடையில் அறுபத்தைந்து ஆண்டுகள் உருண்டோடியிருந்தன. ஆயினும், கைவிடப்பட்டனவாகத் தோன்றிய ஊர்களில் செபங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மக்கள் இருந்தனர். தகப்பனிடமிருந்து மகனுக்கு என உபதேசியார்கள் ஒப்படைத்துச் சென்ற செல்வம் அது. பட்டமும் பதவியும் இல்லாதவர்கள் மனமுவந்து செய்த தலைமைப் பணி அது.

பொதுநிலையினரின் துணிவுக்கு மணிமுடியாகத் திகழ்பவர் புனித தேவசகாயம். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியானார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர்; மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அதற்கு ஓராண்டு முன்பே, 2021 மே 10-இல், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக நிறுவினார்.

1938-இல் மதுரை தனி மறைமாவட்டமாயிற்று, 1953-இல் உயர்மறைமாவட்டமாயிற்று. இன்று பேருந்து வசதி உண்டு. ஞாயிறுதோறும் திருப்பலி உண்டு. ஆகவே, "எல்லாம் சாமியார் பார்த்துக்கொள்வார்" என்னும் எண்ணமும் நம்மிடையே வளர்ந்துவிட்டது. மறைக்கல்விக்கு ஆள் தேடுகின்றோம். நோயாளியைச் சந்திக்க ஆள் தேடுகின்றோம். வழக்குத் தீர்க்கவோ காவல் நிலையம் செல்கின்றோம். இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிச்சலோடு வந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் மில் தொழிலாளி ஒருவர் நம்மிடையே இருந்தால், அவரே அன்றைய உபதேசியாரின் உண்மையான வாரிசு. அவருக்கு நாம் எப்போதாவது நன்றி சொன்னதுண்டா?

எனவே இந்த யூபிலி ஆண்டில் இரண்டு காரியம் செய்வோம். வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, நம் குடும்பத்திலும் ஊரிலும் உபதேசியாராக உழைத்தவர்களின் பெயர்களை எழுதிப் பங்குக் கோயிலில் ஒப்படைப்போம். கல்லில் இல்லாத பெயர்கள் ஏட்டிலாவது இருக்கட்டும். இரண்டாவது, அப்பெயர்களுக்குக் கீழே நம் பெயரையும் எழுதத் தகுதியாகும்படி, அவர்கள் விட்டுச் சென்ற பணியில் ஒன்றையேனும் நம் கையில் எடுப்போம்.

மந்தை காத்த அந்த எளிய மக்களை நல்ல ஆயனாம் இயேசு அறிவார். நாமும் அறிந்து, அவர்தம் வழி நடப்போமாக.