தையற்காரர் டேவிஸ்

இன்று உலகெங்கும் இளைஞர் விரும்பி அணியும் நீலக் காற்சட்டை உழைப்பாளிக்கென்றே பிறந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, ரீனோ என்னும் ஊரில், ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர் இருந்தார். ரீகா நகரிற் பிறந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர். 1871ஐ ஒட்டி, விறகுவெட்டி ஒருவரின் மனைவி தன் கணவனுக்கு எளிதிற் கிழியாத காற்சட்டை வேண்டுமென்று வந்தாள். குதிரைப் போர்வையின் வார்களைப் பிணைக்கும் செப்புத் தறையாணிகள் டேவிசிடம் இருந்தன. அவற்றைப் பைகளின் மூலைகளில் அறைந்து கொடுத்தார். தையல் விடும் இடம் எதுவென்று தொழில் தெரிந்த கை அறியாதா?

முதலில் வெள்ளைக் கித்தான், பின்னரே டெனிம். டெனிமின் பாவு நூல் அவுரி நீலம். ஊடை நூல் வெள்ளை. நீலம் நூலின் உள்ளே முற்றாக ஊறுவதில்லை. ஆகவே உடுத்த உடுத்த மேற்புறம் வெளிறி, அணிந்தவனின் முழங்கால் மடிப்பும் நடையும் துணியிலே பதிந்துவிடுகின்றன. நல்ல டெனிமை விரும்புவோர் போற்றுவது இதனையே.

ஆக்கவுரிமை பெறத் துணை வேண்டி, தாம் துணி வாங்கிய சான் பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராசுக்கு டேவிஸ் கடிதம் எழுதினார். 1873 மே 20இல் உரிமை கிடைத்தது. பத்திரத்தில் ஆக்கியோன் டேவிசே. அவர் அந்நகரிற் குடியேறி, உற்பத்தியை மேற்பார்த்து, 1908இல் காலமானார். இடுப்புப் பட்டியிலே தைத்த தோற்சீட்டில் உள்ளதோ வணிகரின் பெயர்.