கமிஷனும் கட்டணமும்: சேலம்–நாமக்கல் சமவெளியில் சேமிப்பின் விலை

2019-இல் இரண்டு உச்சவரம்புகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன. பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் ஆண்டுக்கு எடுக்கக்கூடிய செலவு விகிதத்தை, ஏப்ரல் முதல் 1.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி குறைத்தது. அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் சீட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, சீட்டு நடத்துபவரின் கமிஷன் வரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. ஒன்று ஆண்டுதோறும் எடுப்பது, மற்றது சீட்டுத் தொகையில் எடுப்பது. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் இந்தச் சமவெளியில் ஒரே குடும்பம் இரண்டிலும் பணம் போடுவதால், இரண்டின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சங்ககிரியின் லாரி, திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டி, நாமக்கல்லின் கோழிப்பண்ணை, பள்ளிபாளையம், குமாரபாளையத்து விசைத்தறி ஆகிய எல்லாமே திடீரென்று மொத்தத் தொகை கேட்கும் தொழில்கள். டயர் மாற்றவும் தீவனம் இறக்கவும் ஏலச்சீட்டு கைகொடுத்தது. மாதம் 5,000 ரூபாய், 20 பேர் என்றால் சீட்டு 1 லட்சம். அவசரக்காரர் 20,000 தள்ளி எடுத்தால் அவருக்கு 80,000 கிடைக்கும். தள்ளியதில் 5,000 நடத்துபவருக்கு. மீதி 15,000 ஆளுக்கு 750 வீதம் பிரியும். கமிஷன் எவ்வளவு என்பது ஏலத்தின்போதே எல்லோர் கண்ணிலும் படும். 1961-இல் மாநிலச் சட்டமும் 1982-இல் மத்தியச் சட்டமும் வந்து பதிவையும் வரம்பையும் கட்டாயமாக்கின. பதிவில்லாத சீட்டுகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை என்பது வேறு கதை.

தெரிந்த ஊர், தெரிந்த முகம் என்பதே இங்கே நெடுங்காலம் முதலீட்டின் அளவுகோலாக இருந்தது. அந்த நம்பிக்கை எப்போதும் பலிக்கவில்லை. 1925-இல் தொடங்கிய சேலம் வங்கி 1960-களில் இந்தியன் வங்கியோடு சேர்ந்து மறைந்தது. அது சுமுகமான முடிவு. நிதி நிறுவனங்கள் சரிந்த 1990-களில், 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டிய நிலைக்கு மாநில அரசு வந்தது. 2012-இல் ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்கள் சரிந்து கொங்கு வட்டாரத்தையே உலுக்கின. இவற்றிலெல்லாம் நான் கூர்ந்து நோக்குவது காவிரிக்கு அக்கரையில், கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியை. 2020 நவம்பரில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது வைப்புத்தொகைகள் காப்பாற்றப்பட்டன. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது. ஒரே நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவர் ஏற்கும் ஆபத்துக்கு இதைவிட நெருக்கமான சான்று இந்த வட்டாரத்துக்கு வேண்டாம். ஐம்பது நிறுவனங்களில் பணத்தைப் பரப்பும் குறியீட்டில், ஒன்று விழுந்தால் மொத்தமும் போய்விடாது.

அமெரிக்காவில் ஜான் போகிள் 1976-இல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்த இந்த இண்டெக்ஸ் ஃபண்ட் ஏற்பாடு இந்தியாவுக்கு வர இரண்டு தலைமுறை ஆகவில்லை என்றாலும், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஐம்பது நிறுவனக் குறியீடான நிஃப்டி 1996 ஏப்ரலில் தொடங்கியது. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஒத்த வயது. யூனிட் டிரஸ்ட் 1998-இல் மாஸ்டர் இண்டெக்ஸ் ஃபண்டைக் கொண்டுவந்தது. 2000-களில் பங்குத் திட்டங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணமே 2.25 சதவீதம். அதை 2009 ஆகஸ்டில் செபி ஒழித்தது. 2013 ஜனவரியில் முகவர் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டங்கள் கட்டாயமாயின. இன்று நிஃப்டி 50 டைரக்ட் திட்டங்கள் பலவற்றின் செலவு 0.2 சதவீத அளவில் நிற்கிறது.

நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி என்று கணக்குப் பார்த்துப் பழகியவருக்கு, ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்பது பொருட்டாகவே தோன்றாது. தவிர, அந்தப் பணம் கையிலிருந்து போவதும் இல்லை. நாள்தோறும் யூனிட் மதிப்பிலிருந்து சத்தமில்லாமல் கழிகிறது. 1 லட்சம் ரூபாய் 25 ஆண்டுகள் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பழைய வரம்பான 1.5 சதவீதம் கழிந்தால் சுமார் 12.1 லட்சம், 1 சதவீதம் கழிந்தால் 13.6 லட்சம், 0.2 மட்டும் கழிந்தால் 16.3 லட்சம். முதல் கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம், போட்ட முதலைப்போல நான்கு மடங்கு.

ஆனாலும் சீட்டு விட்டுவிடத்தக்கது என்று நான் முடிவுகட்ட மாட்டேன். 2020 ஜனவரியில் 12,000-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச்சில் 7,600 வரை இறங்கியது. அந்த மாதம் பணம் தேவைப்பட்ட லாரிக்காரர் ஃபண்டை விற்றிருந்தால் பெருநஷ்டம். கடனாகவும் சேமிப்பாகவும் ஒரே நேரத்தில் இயங்குவது சீட்டின் வலு. இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அது கிடையாது.

இந்த இரண்டு உலகங்களும் ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன. 1974-இல் சென்னையில் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. அதன் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் 2024 மார்ச்சில் நிஃப்டி 50-க்குள் நுழைந்தது. லாரிக்காரர்கள் கட்டும் தவணை வட்டியில் ஒரு துளி, இன்று நிஃப்டி ஃபண்ட் வைத்திருப்பவரின் வருமானத்தில் சேர்கிறது. 2015 முதல் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் குறியீட்டு இ.டி.எஃப்-களில் ஒரு பகுதியை முதலீடு செய்வதால், பி.எஃப் பிடித்தம் உள்ள நூற்பாலைத் தொழிலாளியும் தமக்குத் தெரியாமலே குறியீட்டு முதலீட்டாளர்தான்.

எஞ்சியிருப்பது முகவர் பற்றிய கேள்வி. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ வீடு தேடி வந்து கே.ஒய்.சி முடித்து, 2020 மார்ச்சில் விற்காதீர்கள் என்று தடுத்தவருக்கு முகவர் கமிஷன் சேர்ந்த ‘ரெகுலர்’ திட்டத்தின் கூடுதல் கட்டணம் தகும். பங்கைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லாத ஃபண்டில், கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததோடு நின்றுவிடும் முகவருக்கும் அதே கட்டணம் பணம் இருக்கும் காலமெல்லாம் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.