ஒரு நீள வார்த்தைக்குள் ஒரு பழைய சண்டை

ஆங்கிலத்தில் ரொம்ப நீளமான வார்த்தை எது என்று கேட்டால், 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பெருமையாகப் பார்ப்போம். 28 எழுத்து, 12 அசை. அர்த்தம் கேட்டால்தான் முழிப்போம் :)

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் பிரித்தோமே, அதே மாதிரி இதையும் பிரிக்கலாம். ஆனால் முன்னாலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். சரித்திரம் வரிசையாக வரும்.

எஸ்டாப்ளிஷ் என்றால் நிறுவு. 1534ல் எட்டாம் ஹென்றி போப்பிடமிருந்து பிரிந்து, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் கொண்டுவந்தார். சபையும் அரசும் ஒன்றாகக் கட்டப்பட்டன. 'மென்ட்' சேர்த்தால் அந்த ஏற்பாட்டுக்கே பெயர். அதே ஏற்பாடு அயர்லாந்துக்கும் போனது.

அங்கேதான் பிரச்சினை. 1861 கணக்கெடுப்பில்கூட அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான். முக்கால்வாசிக்கு மேல் கத்தோலிக்கர்கள். ஆனால் தசமபாக வரி மட்டும் தங்களுடையதல்லாத சபைக்குக் கட்ட வேண்டும். 1830களில் கட்ட மறுத்தவர்களின் மாடுகளை ஜப்தி செய்யப் போலீஸ் வந்தது. கைகலப்பில் உயிர்களும் போயின.

இப்போது 'டிஸ்', அதாவது நீக்கு. 1869ல் பிரதமர் கிளாட்ஸ்டன் சட்டம் கொண்டுவந்தார். 1871 ஜனவரி 1 முதல் அயர்லாந்தில் அரசுச் சபை கிடையாது.

நீக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களும் இருந்தார்களே, அவர்களுக்குத்தான் 'ஆன்டி'. 'ஏரியன்' அந்தக் கட்சிக்காரர், 'இசம்' அவருடைய கொள்கை.

உச்சரிப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்டாப்ளிஷில் அழுத்தம் 'டாப்' மேல். மென்ட் வந்தாலும் அது நகராது. ஏரியன் வந்ததும் 'டேர்' என்ற எட்டாவது அசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். வெஜிடபிளில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம், வெஜிடேரியனில் 'டே'க்குத் தாவுகிறதே, அதே கதைதான்.

அந்தக் கட்சி அயர்லாந்தில் தோற்றது. வேல்ஸில் 1914ல் சட்டம் நிறைவேறி, உலகப் போரால் தள்ளிப்போய், 1920ல் அமலுக்கு வந்தது. அங்கேயும் தோல்விதான். இங்கிலாந்திலோ இன்றும் மன்னர்தான் சபையின் தலைவர்!

நாம் இந்த வார்த்தையின் நீளத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை சொல்லும்போது நடுவில் இருக்கும் 'டிஸ்' மேல் ஒரு நொடி நில்லுங்கள். அது வருவதற்காக மாட்டை இழந்தவர்கள் உண்டு, உயிரை இழந்தவர்களும் உண்டு.