கன்னியர் மடத்து டீச்சர்

தமிழ்நாட்டில் 'கான்வென்ட்' என்றால் இன்று இங்கிலீஷ் மீடியம் பள்ளி என்று பொருள். இந்துச் சாமி பெயர் வைத்த நர்சரிப் பள்ளியையும் ஊரார் கான்வென்ட் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் பழைய தமிழ்ப் பெயர் கன்னியர் மடம். கல்யாணம் செய்துகொள்ளாத பெண்கள் சேர்ந்து வாழும் வீடு அது. பள்ளிக்கூடம் அந்த வீட்டிலிருந்து வந்தது. பள்ளியை நினைவில் வைத்துக்கொண்டு, வீட்டையும் அதில் வாழ்ந்த பெண்களையும் நாம் மறந்துவிட்டோம்.

திண்டுக்கல்லின் கன்னியர் மடப் பள்ளிகளைப் புரிந்துகொள்ள திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் போக வேண்டும். 1985இல் தனி மாவட்டமாகும்வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திருச்சபையின் கணக்கோ வேறு. 2003இல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை திருச்சி ஆயரின் ஆளுகையில்தான் இந்த ஊர் இருந்தது. பூட்டும் தோலும் புகையிலையும் விற்ற இந்த ஊருக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் கத்தோலிக்கப் பெண் கல்வி வந்த பாதையைத் தேடினால் பழைய மதுரை மிஷனுக்குத்தான் போய்ச் சேருவோம்.

அன்று பெரிய சிக்கல் கட்டடமோ பணமோ அல்ல. யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான். வயது வந்த பெண்பிள்ளையை ஆண் வாத்தியார் முன் உட்கார வைக்க வீட்டார் சம்மதிக்கவில்லை. பெண் வாத்தியாரோ கிடையாது. எழுத்தும் பாட்டும் தேவதாசிகளுக்கு உரியவை, குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. படித்த ஒருத்தி கிடைத்தாலும், கல்யாணம் ஆனதும் அவள் புகுந்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

1844இல் புதுச்சேரியில் கூடிய மறைமாவட்டச் சங்கம் பெண் கல்வியைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் பாதிரியார் துய்ப்புயி தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியாளின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அதன் முதல் வேலை. சபையின் வரலாறு அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. ஆனால் தம் வீட்டாரிடமும் ஊராரிடமும் 'கல்யாணம் வேண்டாம், படித்துக்கொடுக்கப் போகிறோம்' என்று சொல்ல வேண்டியிருந்தது முதலில் சேர்ந்த பெண்கள்தான். அவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

திருச்சியில் 1858இல் உருவான புனித அன்னாள் சபையின் கதை இன்னும் கூர்மையானது. அன்னம்மாள் என்ற கைம்பெண்ணும் அவரைப் போன்ற கைம்பெண்களும் சேர்ந்து தொடங்கியது அது. கிறிஸ்தவர்களாக மாறிய பிறகும் சாதி வழக்கம் மாறவில்லை; பல குடும்பங்களில் கைம்பெண் மறுமணம் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. வீட்டின் மூலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் வெளியே வந்து ஒரு வீட்டையும் ஒரு வேலையையும் தேடிக்கொண்டார்கள். கன்னியர் மடத்துப் பள்ளி என்றதும் வெள்ளைக்காரச் சிஸ்டர்தான் நம் மனதில் வருகிறார். இந்த மண்ணில் அவருக்கு முன்பே இந்தத் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அதிகாரத்தோடு மோதல் இருந்தது. 1865இல் எலன் தெ ஷப்போத்தான் என்ற பிரெஞ்சுப் பெண் மதுரை மிஷனுக்கு வந்தார். துறவறப் பெயர் பாடுகளின் மரியா. இயேசு சபையார் உருவாக்கியிருந்த உள்ளூர்க் கன்னியரைப் பயிற்றுவிப்பது அவருடைய சபைக்குத் தரப்பட்ட பணி. இரண்டே ஆண்டுகளில் மாகாணத் தலைவியானார். பிறகு சபைக்குள் பிணக்கு முற்றி, 1876இல் அவரோடு சேர்த்து இருபது பெண்கள் வெளியேறி ஊட்டியில் கூடினார்கள். 1877 ஜனவரியில் ரோமின் அனுமதி கிடைத்தது. பிரான்சிஸ்கன் மிஷனரிஸ் ஆஃப் மேரி என்று இன்று உலகெங்கும் அறியப்படும் சபை பிறந்தது இப்படித்தான். சென்னையின் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இவர்களுடையது.

கன்னியர் மடப் பள்ளி வளாகத்தின் அமைப்பிலேயே இந்த வரலாறு இருக்கிறது. தெருவை மறைக்கும் உயர்ந்த மதில், வந்தவர்கள் காத்திருக்கும் பார்லர், சிற்றாலயம், மாதா கெபி, வகுப்பறைகள், தையல் அறை, கிராமத்துப் பிள்ளைகளுக்கான போர்டிங், மாணவிகள் நுழையக் கூடாத மடத்துப் பகுதி. அந்த மதில் பெற்றோருக்குத் தைரியம் கொடுத்தது. மதில் இருந்ததால்தான் பல பெண்கள் பள்ளிக்கே வந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். கடிதங்களைப் பிரித்துப் பார்த்ததும், சிரிப்புக்கும் சடைக்கும் விதி போட்டதும் அதே மதிலுக்குள் நடந்தவைதான்.

சாதியும் மதிலைத் தாண்டி உள்ளே வந்தது. திருச்சி மறைமாவட்டத்தில் அன்று அடங்கியிருந்த வடக்கன்குளத்தில், சாதி வாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைக்கக் கோயிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. கோயிலில் சேர்ந்து உட்காராதவர்கள் பெஞ்சில் மட்டும் தம் பிள்ளைகளைச் சேர்ந்து உட்கார விட்டிருப்பார்களா? பெண் கல்வி என்று மொத்தமாகச் சொல்லும்போது, எந்தப் பெண்ணுக்கு என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மடத்து டீச்சரின் செல்வாக்கு கத்தோலிக்கர்களோடு நிற்கவில்லை. பதினோரு வயதில் மணமாகி விரைவிலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி, சென்னையில் பிரசன்டேஷன் கான்வென்ட்டில் படித்தார். தனக்கென்று குடும்பம் இல்லாமல், வகுப்பறையையே வாழ்க்கையாகக் கொண்ட பெண்களை அவர் பார்த்தது அங்கேதான். 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே பிராமணக் குழந்தை விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அவரை ஊர் 'சிஸ்டர்' சுப்புலட்சுமி என்றே அழைத்தது. மதம் மாறாமல், மடத்தின் வாழ்க்கை முறையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அந்த இல்லமும் ஒரே சாதியின் பெண்களுக்காகத்தான் தொடங்கியது என்பதையும் மறக்கக் கூடாது.

கணவனும் தகப்பனும் இல்லாமல் ஒரு பெண் உழைத்து மரியாதையோடு வாழலாம் என்று பல தலைமுறை மாணவிகளுக்குக் காட்டியவர் மடத்து டீச்சர். அவருடைய உழைப்பின் கூலி யாருடையது? அரசு உதவி பெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கன்னியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. வறுமை வார்த்தைப்பாட்டின்படி அது சபைக்குப் போகிறது. இந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கில் சபைகள் முன்வைத்த வாதங்களில் ஒன்று, துறவறம் பூண்டவர் 'சிவில் மரணம்' அடைந்தவர், அதாவது சட்டத்தின் கண்ணில் உலக வாழ்வை விட்டவர் என்பது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் வரி பிடிக்கலாம் என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் அவர் பெயரில் வருகிறது. அதை அவர் யாருக்குக் கொடுத்தாலும் வரி உண்டு என்பதுதான் முடிவு. உச்ச நீதிமன்றம் போன சபைகளில் ஊட்டியில் பிறந்த அதே பிரான்சிஸ்கன் சபையும் ஒன்று.

வரிக் கணக்கை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு முக்கியமானது வேறு. முப்பது ஆண்டு கணக்கோ தமிழோ நடத்திய ஒருத்தியைச் சட்டப்படி இறந்தவள் என்று அவளுக்காகவே வாதாட முடிந்திருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றை எழுதும்போது அடிக்கல் நாட்டிய ஆயரின் பெயரோடு நிறுத்திவிடாமல், பழைய வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் எடுத்துப் பார்ப்போம். அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.