ஒரு பெயர், பல ஆளுமைகள்: தமிழியல் மேற்கோள்களில் ‘ஃபெப்ரிசியஸ்’

ஆய்வுச் சுருக்கம்

‘ஃபெப்ரிசியஸ்’ என்னும் குடும்பப்பெயர் தமிழியலில் அகராதியாளர் ஒருவரையும், உயிரியலில் பூச்சியியலாளர் ஒருவரையும் முதன்மையாகக் குறிக்கிறது. இருவரும் 18-ஆம் நூற்றாண்டினர். இருவர் பணியும் சோழமண்டலக் கடற்கரையோடு தொடர்புடையது. இப்பெயரை முதலெழுத்தும் ஆண்டும் இன்றி ஆளுவதால் விளையும் குழப்பங்களையும், அப்பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும் உள்ளூர்ப் பங்களிப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஃபெப்ரிசியஸ், தரங்கம்பாடி, வேப்பேரி அச்சகம், அகராதியியல், பெயராய்வு, பிரம்மதேசம்

முன்னுரை

கல்வெட்டாய்வில் ‘பிரம்மதேசம்’ என்று மட்டும் குறித்து எவரும் அமைவதில்லை. மரக்காணம் உப்பளக் கடற்கரையை அடுத்து ஒரு பிரம்மதேசம் உண்டு. எண்ணாயிரத்திற்கு அருகில் மற்றொன்று. செய்யாற்றுப் பகுதியில் வேறொன்று. அம்பாசமுத்திரத்தை ஒட்டிப் பிறிதொன்று. பிரம்மதேயமாக வழங்கப்பட்ட நிலங்கள் பல என்பதால் அவ்வழியில் தோன்றிய ஊர்ப்பெயர்களும் பலவாயின. முதலாம் இராசேந்திரனின் மறைவையும் அவன் தேவி வீரமாதேவியையும் குறிப்பிடும் கல்வெட்டு செய்யாற்றுப் பகுதிப் பிரம்மதேசத்திற்கு உரியது. வட்டத்தின் பெயரை விட்டுவிட்டால் ஒரு பேரரசனின் இறுதிக்காலச் சான்று வேறோர் ஊருக்குப் பெயர்ந்துவிடும். ஊர்ப்பெயர்களில் நாம் காட்டும் இந்த விழிப்பை ஐரோப்பியக் குடும்பப்பெயர்களில் காட்டுவதில்லை. அதற்குத் தக்க எடுத்துக்காட்டு ‘ஃபெப்ரிசியஸ்’ ஆகும்.

பெயரின் தோற்றமும் பரவலும்

பண்டைய உரோமில் ஃபெப்ரிசியஸ் ஒரு குடிப்பெயர். மறுமலர்ச்சிக்கால ஜெர்மானிய அறிஞர்கள் தம் தாய்மொழிப் பெயர்களை இலத்தீனாக்கிக் கொண்டபோது, கொல்லரைக் குறிக்கும் ‘ஷ்மிட்’ முதலான தொழிற்பெயர்கள் இவ்வடிவம் பெற்றன. கெம்னிட்சில் பிறந்த கவிஞர் கியோர்க் ஃபெப்ரிசியஸ் (1516–1571) பொற்கொல்லர் எனப் பொருள்படும் ‘கோல்ட்ஷ்மிட்’ என்ற பெயரை இவ்வாறு மாற்றிக்கொண்டவர். எனவே இப்பெயருடையோர் அனைவரும் ஒரே மரபினர் அல்லர். தொழிலாலும் மொழிபெயர்ப்பாலும் ஒரு பெயருக்குள் வந்து சேர்ந்தவர்கள்.

அவர்களின் வரிசை நீளமானது. டேவிட் ஃபெப்ரிசியஸ் (1564–1617) 1596-இல் மீரா என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். நிலவின் பள்ளம் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் மகன் யோகான்னஸ் 1611-இல் சூரியப் புள்ளிகள் பற்றிய நூலை வெளியிட்டார். ஹாம்பர்க்கின் யோகான் ஆல்பர்ட் ஃபெப்ரிசியஸ் (1668–1736) நூலடைவியலில் பெயர்பெற்றவர். பறவைகளின் நோய்எதிர்ப்போடு தொடர்புடைய ‘ஃபெப்ரிசியஸ் பை’ இவர்களுள் எவர் பெயராலும் அமைந்ததன்று. அது இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஹிரோனிமஸ் ஃபெப்ரிசியஸ் பெயரால் அமைந்தது. டேனிய சமயப் பணியாளர் ஓட்டோ ஃபெப்ரிசியஸ் (1744–1822) கிரீன்லாந்தின் விலங்கினங்களை விவரித்ததோடு அம்மொழிக்கு அகராதியும் தொகுத்தார். சமயப்பணி, அகராதி, உயிரியல் ஆகிய மூன்றும் அங்கு ஒருவரிடத்தில் ஒன்றுகூடின. தமிழகத் தொடர்பில் அவை ஒரே பெயருடைய இருவரிடம் பிரிந்து நிற்கின்றன. குழப்பம் நேரக்கூடிய இடம் இதுவே.

அகராதியாளர்

யோகான் பிலிப் ஃபெப்ரிசியஸ் (1711–1791) ஃபிராங்க்பர்ட்டை அடுத்த கிளீபர்க்கில் பிறந்தார். ஹாலேயில் இறையியல் பயின்று 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742 முதல் அவருடைய பணியிடம் சென்னை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி, கும்பெனியின் அச்சுப்பணிகளையும் செய்து தரவேண்டும் என்னும் நிபந்தனையோடு வேப்பேரியில் இருந்த அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772-இல் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டின் அச்சுப்பணி அவர் மறைவுக்குப் பின்னரே நிறைவுற்றது. பிரைட்ஹாப்டுடன் இணைந்து தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779-இலும், ஆங்கிலம்–தமிழ் அகராதி 1786-இலும் வெளிவந்தன. முதுமையில் கடன் சுமையால் சிறைப்பட்டதும் அவர் வாழ்வின் ஒரு பகுதி. புரசைவாக்கத்தில் உள்ள ஃபெப்ரிசியஸ் மேல்நிலைப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கு ஆய்வாளர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘ஃபெப்ரிசியஸ் அகராதி’ என நாம் இன்று எடுத்தாளுவது பெரும்பாலும் 1779-ஆம் ஆண்டு நூலன்று. அதனை அடிப்படையாகக் கொண்டு 1897-இல் தரங்கம்பாடியில் வெளியிடப்பட்டு, 1910, 1933, 1972 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பதிப்பிக்கப்பட்ட விரிவாக்க நூலே அது. இணையத்தில் தேடத்தக்க வடிவில் கிடைப்பதும் 1972-ஆம் ஆண்டுப் பதிப்பே. அதிலுள்ள ஒரு சொல்லைக் காட்டி, ‘18-ஆம் நூற்றாண்டில் இது வழங்கியது, ஃபெப்ரிசியஸ் சான்று’ என்று எழுதுதல் பொருந்தாது. அச்சொல் 1779-ஆம் ஆண்டு நூலில் உள்ளதா என்பதைச் சரிபார்த்த பின்னரே காலம் கூற இயலும். ஒரே நூற்பெயருக்குள்ளும் பல கைகள் இயங்கியுள்ளன.

பூச்சியியலாளர்

யோகான் கிறிஸ்டியன் ஃபெப்ரிசியஸ் (1745–1808) ஷ்லெஸ்விக் பகுதியின் டோண்டரில் பிறந்தார். உப்சாலாவில் லின்னேயஸிடம் பயின்றார். 1775 முதல் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார். வாயுறுப்புகளின் அமைப்பைக் கொண்டு பூச்சிகளை வகைப்படுத்தியவர் அவர். ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயரிட்டார். தமிழகத்தில் நாம் அன்றாடம் காணும் உயிரினங்கள் பல அவர் பெயரோடு வழங்குகின்றன. கொம்புத் தேனீ (1787), மலைத்தேனீ, அடுக்குத் தேனீ (இரண்டும் 1793), இலைகளைப் பின்னிக் கூடமைக்கும் செவ்வெறும்பு, புகையிலை வெட்டுப்புழு (இரண்டும் 1775) ஆகியன அவற்றுட் சில.

வேளாண் நூல்களில் வெட்டுப்புழுவின் அறிவியற்பெயரை அடுத்து ஃபெப்ரிசியஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். மலைத்தேனீக்கு அடைப்புக்குறி வராது. பெயரிட்ட ஆசிரியர் முதலில் வைத்த பேரினத்திலிருந்து அவ்வுயிரினம் பின்னர் வேறு பேரினத்திற்கு மாற்றப்பட்டது என்பதை அடைப்புக்குறி உணர்த்துகிறது. தமிழாக்கத்தில் இக்குறியை நீக்குவது ஒரு வரலாற்றுச் செய்தியை நீக்குவதாகும்.

மரக்காணம் முதலிய உவர்நீர்க் கடற்கரைகளுக்கு நெருக்கமான சான்று புலி இறால். 1798-இல் வெளிவந்த இணைப்பு நூலில் இதற்கு ஃபெப்ரிசியஸ் பெயரிட்டார். அந்நூலிலுள்ள பத்துக்காலி உயிரினங்களுள் பல, தரங்கம்பாடியில் டேனியப் படைப்பணியில் இருந்த டால்டார்ஃப் திரட்டியவை.

இருவரும் சந்திக்கும் களம்

கீல் பேராசிரியருக்குத் தமிழக மாதிரிகள் கிடைத்த வழி யாது? 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. லின்னேயஸின் மற்றொரு மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் (1728–1785) 1768-இல் அங்குச் சமயப்பணிக் குழுவின் மருத்துவராக வந்து, உயிரின மாதிரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அகராதியாளரைத் தமிழகத்திற்குக் கொணர்ந்த அதே நிறுவன வலைப்பின்னலே பூச்சியியலாளருக்குத் தமிழகத்தை எட்டச் செய்தது. ஒருவர் வந்தார், மற்றவருக்கு மாதிரிகள் சென்றன. காலமும் களமும் ஒத்திருப்பதால் ‘தரங்கம்பாடி ஃபெப்ரிசியஸ்’ போன்ற தொடர் எவரைச் சுட்டுகிறது என்பது உறுதிப்படாது.

இருவரிடமும் பொதுவான மற்றொன்று, அவர்தம் பெயர் மறைக்கும் உழைப்பு. அகராதியைச் சுட்டும்போது ஃபெப்ரிசியஸ் பெயரும் அரிதாகப் பிரைட்ஹாப்ட் பெயரும் வருகின்றன. சொற்களையும் வழக்குகளையும் கற்பித்த தமிழர்கள் அங்கு இடம்பெறுவதில்லை. உயிரின விளக்கங்களோ மாதிரியை அனுப்பிய ஐரோப்பியரின் பெயரோடு நின்றுவிடுகின்றன. கடலோர மக்கள் அவ்வுயிர்களுக்கு வைத்திருந்த பெயர்களும் அவ்விளக்கங்களில் இல்லை. பெயரிடுதல் நிகழ்ந்தது கீலில். அறிதல் அதற்கு முன்பே இக்கரையில் நிகழ்ந்திருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நடைமுறைகள் தேவை எனத் துணியலாம். முதலாவது, தமிழில் ‘பெப்ரீசியஸ்’, ‘பப்ரிசியஸ்’, ‘ஃபெப்ரிசியஸ்’ எனப் பலவாறு எழுதப்படும் இப்பெயருக்கு நூலகப் பட்டியல்களில் முழுப்பெயரும் வாழ்நாள் ஆண்டும் இணைந்த ஒரே பதிவு வேண்டும். இரண்டாவது, அகராதி மேற்கோள்களில் பதிப்பாண்டு கட்டாயம் இடம்பெறவேண்டும். மூன்றாவது, உயிரினப் பெயர்களைத் தமிழில் தரும்போது பெயரிட்டவர், ஆண்டு ஆகியவற்றோடு வட்டார வழக்குப் பெயரையும் அது வழங்கும் ஊரையும் பதிவுசெய்ய வேண்டும். மரக்காணம், கழுவெளி போன்ற கடலோரப் பகுதிகளில் இத்தகைய சொற்களைத் திரட்டுதல் அகராதியியலுக்கும் உயிரியலுக்கும் ஒருசேரப் பயன்படும். எந்தப் பிரம்மதேசம் என்று கேட்கப் பழகிய துறை, எந்த ஃபெப்ரிசியஸ் என்றும், அவருக்குச் சொல்லும் பொருளும் தந்தவர் யாவர் என்றும் கேட்க வேண்டும்.